பன்னிரண்டு வண்டிச் சேறு

தர்மேந்திரனைத் தோட்டத்தில் யாரும் மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில்லை. கல் லோரி ஓட்டுகிறவனை யார் மிஸ்டர் என்பார்கள். செமோரைத் தாண்டி மலையோரம் கிடக்கும் அந்தப் பழைய கித்தா ரப்பர்த் தோட்டத்தில் இன்னும் குடியிருக்கிற பதினாலு வீட்டுக்கும் அவன் தர்மா. பாலிடெக்னிக்கை இரண்டாம் தவணையிலேயே விட்டவன். ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் இரவு வேலை பார்த்து அதையும் விட்டவன். பெண்டாட்டி அவனை விட்டுவிட்டுப் போனாள். நாற்பத்தோரு வயதுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும், ஆளிடம் வேறொன்றும் இருக்காது என்று ஊர் முடிவு கட்டி வைத்திருந்தது.

மிஸ்டர் தர்மா என்று கூப்பிட்டவர்கள் கைப்பேசிக்குள் இருந்தார்கள். சுரங்கத்தால் கெட்டுப்போன ஆறுகளைத் திருத்த முயல்கிறவர்கள் கூடிப் பேசுகிற இணையத் தளம் அது. வேல்ஸில் ஓய்வுபெற்ற நில அளவைக்காரர் கேரத், பொலிவியாவில் மலைக் கிராமத்துப் பள்ளி ஆசிரியை யோலாந்தா, இன்னும் எங்கெங்கோ இருந்து முகம் தெரியாத நாலாயிரம் பேர். ஆளுக்கொரு ஆறு வைத்திருந்தார்கள். எந்தக் கண்டத்து ஆற்றின் படத்தைப் போட்டாலும் அதே துருநிறம். குவாரியில் எடைமேடைக்கு முன்னால் லோரி வரிசையில் நிற்கிற நேரத்தில், ஸ்டியரிங்கின் மேல் கைப்பேசியைச் சாத்தி வைத்துக்கொண்டு தர்மேந்திரன் அந்த நாலாயிரம் பேரோடு ஆங்கிலத்தில் பேசுவான். தப்பும் தவறுமான ஆங்கிலம்தான். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அவனுடைய ஆறு ஒரு ஓடை. மலைக்கு மேலே எந்தக் காலத்திலோ ஈயம் தோண்டிய குகை ஒன்று இருந்தது. தோண்டின கம்பெனியின் பெயர்கூட யாருக்கும் நினைவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருமழையில் குகைவாய் சரிந்து, உள்ளே தேங்கிக் கிடந்த தண்ணீர் ஓடைக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. அன்றிலிருந்து ஓடையில் மீன் இல்லை, தவளை இல்லை, கல்லெல்லாம் துருப்பிடித்த தகரம்.

வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் இருந்தது. ஓடையை நம்பிப் பிழைத்தது ஆறு குடும்பம். கரையோர அரசாங்க நிலத்தில் வருஷ லைசென்ஸ் எடுத்துக் காய்கறி போட்டவர்கள். அதில் பெரிய பாத்தி குமுதாவுடையது. ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, பத்து ஆடு உண்டு. கங்கோங் கீரை, தண்டுக்கீரை, பயத்தங்காய் என்று மோட்டார் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு விடிவதற்குள் செமோர் பாசார் சந்தையில் நிற்பாள். ஓடை சிவந்த பிறகு நில அலுவலகத்தில் லைசென்ஸை நிறுத்தினார்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றி, லைசென்ஸ் இல்லாமலே கொஞ்சம் பயிர் பண்ணிச் சமாளித்தார்கள். ஆறு பேரும் அலுவலகத்துக்கு நடையாய் நடந்ததில், ஹாபிஸ் என்ற அதிகாரி ஒரு வழி சொன்னார். மாதம் ஒரு தரம் ஓடைத் தண்ணீரை மாதிரி எடுத்துச் சோதித்து, மூன்று மாதம் தொடர்ந்து தேறினால் லைசென்ஸ். நடுவில் ஒன்று தவறினாலும் கோப்பை மூடிவிடுவார்கள், நிலம் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டக்காரனுக்குக் குத்தகையாகப் போகும்.

இரண்டு மாதம் தேறிவிட்டது. மூன்றாவது மாதிரி எடுக்க ஹாபிஸ் வருவதாகச் சொன்ன நாள், அம்மன் திருவிழாவுக்கு இரண்டு நாள் முந்தின புதன்கிழமை.

தேற வைத்தது தர்மேந்திரன். அதாவது, அவனும் அந்த நாலாயிரம் பேரும்.

முதலில் அவன் செய்தது முட்டாள்தனம். குவாரியில் தள்ளுபடியாகிற சுண்ணாம்புக்கல் சில்லியை ஒரு லோரி கொண்டுவந்து ஓடையில் கொட்டினான். சுண்ணாம்பு புளிப்பை முறிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். இரண்டு நாள் நன்றாயிருந்தது. ஒரு வாரத்தில் ஒவ்வொரு கல்லும் துருவில் சட்டை போட்டுக்கொண்டது. அதற்கு மேல் கல் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலிருந்தும் ஒன்றுதான். படம் பிடித்துத் தளத்தில் போட்டு, ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டான். இருபது நிமிஷத்தில் கேரத்திடமிருந்து பதில் வந்தது. எங்கள் ஊரில் இதே தப்பை முப்பது வருஷத்துக்கு முன்னால் நாங்களும் செய்தோம், மிஸ்டர் தர்மா, வாருங்கள்.

அப்படித்தான் சேற்றுப் படுகை வந்தது. ஓடையை ஒரு குழிக்குள் திருப்ப வேண்டும். குழியில் மேலே முழங்கால் ஆழத்துக்குச் சாணமும் சக்கையும் மக்கின கருப்புச் சேறு. அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். அடியில் குழாய். தண்ணீர் சேற்றுக்குள் இறங்கும்போது அதிலுள்ள காற்றைச் சேறு தின்றுவிடும். காற்றில்லாத தண்ணீரில் துரு கல்லில் ஒட்டாது, கல் நிம்மதியாய்ப் புளிப்பை முறிக்கும். பிறகு அடுத்த குட்டையில் காற்றுப் பட்டதும் இரும்பெல்லாம் செங்குழம்பாய்ப் படிந்துவிடும். படியும்போது குகைத் தண்ணீரிலுள்ள ஆர்செனிக் விஷத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதற்கப்புறம் கோரைப்புல் வழியாக வடிந்து தெளிந்த தண்ணீர் பாத்திகளுக்குப் போகும். விஷம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. கருப்புச் சேற்றிலும் செங்குழம்பிலும் படுத்துக் கிடக்கும். கிளறாதவரைக்கும் கிடக்கும்.

கல் குவாரியில் கிடைத்தது. சக்கை செம்பனை ஆலையில் கிடைத்தது. ஆட்டுப் புழுக்கை குமுதாவின் கொட்டகையில் எட்டு மாதச் சேமிப்பு. எதற்கென்று அவள் கேட்டாள். ஓடைக்கு என்றான். தலையைச் சொறிந்துகொண்டு அள்ளிக்கொள்ளச் சொன்னாள்.

ஒரே ஒரு தரம் அவன் ஊருக்கு விளக்கப் பார்த்தான். கோயில் கமிட்டிக் கூட்டத்தில், ஒலிபெருக்கி வாடகைப் பேச்சு முடிந்த பிறகு எழுந்து நின்று, சேறு எப்படிக் காற்றைத் தின்கிறது என்று ஆரம்பித்தான். தமிழில் அதற்கெல்லாம் வார்த்தை வரவில்லை. தளத்தில் பத்து வரியில் எழுதுகிறவன் அங்கே நின்று திக்கினான். கமிட்டித் தலைவர் மாயாண்டி, வேலியில் பார்த்த ஓணானைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார்.

"இரு இரு தர்மா. பீச்சேத்துல கழுவுனா தண்ணி சுத்தமாயிரும்ங்கிற?"

"பீ இல்லண்ணே. ஆட்டுப் புழுக்கை."

"ஆடு போட்டா வேற பேரா லா?"

கூட்டம் சிரித்தது. குமுதாவும் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அன்றோடு சரி. அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம், சேற்றைப் பற்றித் தோட்டத்தில் யாரிடமும் அவன் வாய் திறக்கவில்லை. தளத்தில் முந்நூற்று நாற்பது பதிவு எழுதினான். வாரத்துக்கு நாலைந்து, புளிப்பு அளவு, மழை அளவு, குட்டையில் படிந்த குழம்பின் ஆழம், கோரை முளைத்த படம். பொலிவியாவில் யோலாந்தா அவன் படத்தைப் பார்த்து அதேபோல் ஒன்று கட்டினாள். அவன் பெயரில் கட்டினாள், அங்கே அதற்கு 'தர்மா படுகை' என்று பெயர்.

படுகைக்குப் பக்கத்தில் ஒரு பலகையும் நட்டான். கேரத் வரைந்து அனுப்பிய மாதிரி. நீல எழுத்தில், கொக்குப் படம் போட்டு, இயற்கை முறை நீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு, தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள் என்று ஈப்போவில் அச்சடித்து வாங்கியது. முழுக்க ஆங்கிலம். படம் பிடித்துப் போட்டபோது நூற்றுப் பன்னிரண்டு பேர் பிடித்திருக்கிறது என்று அழுத்தினார்கள். தோட்டத்தில் அதை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளெல்லாம் ஈப்போவிலும் சித்தியவானிலும் வேலைக்குப் போய் வருஷக்கணக்காகிறது.

ஓடை தெளிந்தது. அது ஊருக்குத் தெரிந்தது. தெளிந்ததற்குக் காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். மேலே குகை வற்றிப்போச்சு என்றார் ஒருவர். அம்மன் கண்ணைத் திறந்துட்டா என்றார் மாயாண்டி. தர்மேந்திரன் திருத்தவில்லை. தெரியாமலே கிடக்கட்டும் என்று அவனுக்குள் ஒரு திமிர் இருந்தது. சிரித்தவர்களுக்கு அது தண்டனை என்றுகூட நினைத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தளத்துக்காரர்கள் அவனைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இணையவழி உரை, நாற்பது நிமிஷம், எட்டு நாட்டிலிருந்து ஆட்கள். தலைப்பை கேரத் வைத்தார்: 'ஒரு சமூகம் தன் ஓடையை எப்படி மீட்டது'. தோட்டத்தில் கைப்பேசிக்கு சிக்னல் ஒரு கோடுதான் கிடைக்கும் என்பதால் காலையிலேயே ஈப்போவில் தங்கை துளசி வீட்டுக்குப் போய்விட்டான். துளசி அவனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தாள்.

"யாருண்ணே பாக்கப் போறா?"

"வெள்ளைக்காரங்க."

"இடுப்புக்கு மேலதானே தெரியும்? கைலியோடயே உக்காரு."

கைலியோடுதான் உட்கார்ந்தான். உரை நன்றாகவே போனது. குமுதாவின் பாத்தி, பயத்தங்காய்ப் பந்தல், கருப்புச் சேறு, செங்குட்டை, கோரை என்று ஒவ்வொரு படமாய்த் தள்ளினான். பதினைந்தாவது நிமிஷத்தில் கைப்பேசி அதிர்ந்தது. மாயாண்டி. துண்டித்தான். திரும்ப அதிர்ந்தது, துண்டித்தான். மூன்றாம் தரம் கைப்பேசியையே கவிழ்த்து வைத்தான். கோயில் கமிட்டிக்கு நாற்காலி ஏற்ற லோரி வேண்டியிருக்கும், வேறென்ன. கடைசியில் எல்லோரும் கைதட்டினார்கள். எட்டு நாட்டுக் கைதட்டு ஒரு சின்னக் கணினிக்குள்ளிருந்து வந்தால் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி கேட்கும்.

வெயில் தணியும் நேரத்துக்குத் தோட்டத்துக்குத் திரும்பினான். கோயில் முன்னால் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டிகளைக் கழுவிச் சுவரில் சாத்தியிருந்தார்கள். ஈப்போவிலிருந்தும் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்தும் கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டுவேலைக்கென்று வந்த பழைய தோட்டத்துப் பிள்ளைகள் முட்டிவரை சேறாய் இருந்தார்கள்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு கோத்தோங் ரோயோங் என்பது அவன் பிறந்ததிலிருந்து உள்ள வழக்கம். புல் வெட்டுவார்கள், வெள்ளையடிப்பார்கள், கால்வாய் தூர் எடுப்பார்கள். இதை அவன் மறந்திருக்க முடியாது. மறக்கவும் இல்லை. கோயிலைச் சுற்றித்தானே என்று நினைத்துவிட்டான். ஓடை சிவந்து எட்டு வருஷமாகக் கரகத்தைக் குழாயடியில் ஒரு வாளித் தண்ணீரில்தான் ஜோடித்தார்கள். இப்போது ஓடை தெளிந்திருக்கிறது. கரகம் ஓடைக்குத் திரும்பும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

மாயாண்டி அவன் தோளில் கை போட்டு அழைத்துப் போனார்.

"வா தம்பி, வந்து பாரு. நீ சும்மா போட்டு வச்சிருந்த எடத்த எப்பிடி ஆக்கிட்டோம் பாரு."

படுகை இல்லை. முழங்கால் ஆழத்துச் சேற்றை அடியோடு வாரி, கீழே இருந்த பழைய கல்லின் மேல் புதுச் சில்லி பரப்பியிருந்தார்கள். பல் மாதிரி வெள்ளைச் சில்லி, அவனுடைய குவாரியிலிருந்தே அவனுடைய முதலாளியிடம் இனாமாய்க் கேட்டு வாங்கியது. அதன் மேல் கண்ணாடி மாதிரி தண்ணீர் ஓடியது. கோரையைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். குட்டையைத் தூர் எடுத்திருந்தார்கள். ஆங்கிலப் பலகையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, நேராய் நிமிர்த்தி, அதன் மேல் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள்.

"உனக்கு மூணு தரம் அடிச்சேன் தர்மா. அந்தக் கருப்புச் சேத்த எடுக்கலாமா வேணாமான்னு கேக்கத்தான். நீ கட் பண்ணிட்ட. சரி, வேலையா இருப்பேன்னு நாங்களே எடுத்துட்டோம். யப்பா, என்னா நாத்தம். ரெண்டு பையன் வாந்தி எடுத்துட்டான்."

"சேத்த எங்கண்ணே போட்டீங்க?"

"கீழ போடுவமா? நல்ல எரு லா. குமுதா பாத்தியில பன்னெண்டு வண்டி தள்ளியிருக்கு. அந்தச் செங்குழம்பு இருக்கு பாரு, அத வடிகட்டிக் கோயில் சுவத்துக்குக் காவிப்பட்டை அடிச்சாச்சு. காவி வாங்குற வேலையே இல்ல."

தர்மேந்திரன் கோயில் சுவரைப் பார்த்தான். வெள்ளைக்கு நடுவே செம்பட்டை நன்றாகத்தான் இருந்தது. ஒன்றரை வருஷத்து ஆர்செனிக் அத்தனை நேர்த்தியாய்க் காய்ந்துகொண்டிருந்தது.

அப்போது சொல்லியிருக்கலாம். இருபது பேர் எதிரில் இருந்தார்கள், மண்வெட்டி கழுவின ஈரம்கூடக் காயவில்லை, பன்னிரண்டு வண்டியையும் இருட்டுவதற்குள் திரும்ப அள்ளியிருக்கலாம். அவனுக்கு வாய் வரவில்லை. திரும்பவும் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று, சேறு காற்றைத் தின்னும் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மாயாண்டி நீட்டிய தேநீரை வாங்கிக் குடித்தான். வீட்டுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்து, ஒரு கோடு கிடைக்கிற மூலையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தளத்தில் எழுதினான்.

விஷமிகள் என் படுகையை அழித்துவிட்டார்கள் என்று எழுதினான்.

இருநூறு பேர் வருத்தம் தெரிவித்தார்கள். உலகம் எங்கும் இப்படித்தான் என்றார் ஒருவர். வேலி போடுங்கள், கேமரா வையுங்கள், போலீசில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கேரத் பதிவைப் பக்கத்தின் உச்சியில் நிறுத்தி வைத்தார். யோலாந்தா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். மிஸ்டர் தர்மா, இது எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் விளக்கியபோது அங்கே குடியிருப்பவர்கள் என்ன சொன்னார்கள்? கைப்பேசியை அணைத்துவிட்டு அவன் படுக்கப் போனான்.

திங்கட்கிழமை லீவு போட்டான். புதுச் சேறு பக்குவமாக இரண்டு மாதம் ஆகும், புதனுக்குள் ஒன்றும் நடக்காது என்று அவனுக்கே தெரியும். சுண்ணாம்புத்தூள் மூட்டையை மேலே கொட்டினால் ஹாபிஸின் மீட்டரை ஏமாற்றலாம், ஆர்செனிக்கை ஏமாற்ற முடியாது. கொட்டவில்லை. செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சில்லி மஞ்சளானது. அன்று விடியுமுன்னே குமுதா கங்கோங் வெட்டிக் கட்டிக்கொண்டிருந்ததை அவன் லோரியிலிருந்து பார்த்தான். இரண்டு நாளில் வேர் எவ்வளவு உறிஞ்சும் என்று தளத்தில் தேடிப் பார்த்திருந்தான். அதிகமில்லை என்று போட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தான். ஹாரன் அடித்துக் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

புதன்கிழமை ஹாபிஸ் வந்தார். மீட்டரை ஓடையில் முக்கினார், எடுத்துப் பார்த்தார், கழுவினார், திரும்ப முக்கினார். ஆறு குடும்பமும் கரையில் நின்றது. புட்டியில் தண்ணீர் பிடித்து மூடிபோட்டு ஒட்டினார். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது முறைக்காகத்தான் என்று மலாயில் சொன்னார். மீட்டரில் மூன்று புள்ளி ஆறு, போன மாதம் ஆறு புள்ளி எட்டு, எண் இறங்கினால் புளிப்பு ஏறியிருக்கிறது, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சுத்தம் பண்ணினோம் துவான் என்றார் மாயாண்டி. ஹாபிஸ் பலகையின் தோரணத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

மற்றவர்கள் கலைந்த பிறகு குமுதா தர்மேந்திரனிடம் வந்தாள்.

"ஏன் தம்பி தண்ணி கெட்டுப் போச்சு? ரெண்டு மாசம் நல்லாத்தானே இருந்துச்சு."

"சேத்த எடுத்துட்டாங்கக்கா. சேறுதான் தண்ணிய சுத்தம் பண்ணுச்சு."

"மெய்யாவா?"

"ம்."

"சரி, அப்ப என் பாத்தியில கெடக்குறத அள்ளித் திரும்பப் போட்டுரலாம்லா? எனக்கு எரு வேணாம். என் ஆட்டுப் புழுக்கைதானே, போய்ட்டு என்கிட்டயே வந்துருச்சுன்னு சிரிச்சிக்கிட்டு இருந்தேன்."

"அத இனிமே தொடாதீங்க. அதுல பாஷாணம் இருக்கு, கிண்டியாச்சு, திரும்பப் போட்டா தண்ணியிலதான் எறங்கும்."

அவள் சிரிக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள். பிறகு பாத்தியைப் பார்த்தாள். சேறு பரப்பின இடத்தில் தண்டுக்கீரை கரும்பச்சையாய், மூன்று நாளில் ஒரு சாண் கூடுதலாய் எழும்பினது மாதிரி நின்றது.

"நேத்து முப்பது கட்டு வித்தேன்," என்றாள்.

"ரெண்டு நாள்ல ரொம்ப ஏறாதுக்கா."

"ஏறாதுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தேடிப் பாத்தேன்."

"எப்ப?"

அவன் லோரிப் பக்கம் திரும்பினான். அவளுக்குக் கணக்குப் போட நேரம் ஆகவில்லை.

"நேத்து ஹாரன் அடிச்சிட்டுப் போனியே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"எங்க தேடுன? அந்தப் போன்லயா? காட்டு."

"இங்கிலீஷ்க்கா."

"படம் இருக்கும்லா. காட்டு."

கொடுத்தான். சேறு ஒட்டின பெருவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவளுடைய பயத்தங்காய்ப் பந்தல். அவளுடைய ஆட்டுக்கொட்டகை. குனிந்து களை எடுக்கிற அவளுடைய முதுகு. ஓடையில் கால் கழுவுகிற அவள். முந்நூற்று நாற்பது பதிவு. அவள் நின்று நிதானமாய்ப் பார்த்தாள். பந்தலடியில் ஆடு ஒன்று கத்தியது.

"இது நானு. கீழ என்னா எழுதியிருக்க?"

"உள்ளூர் விவசாயின்னு."

"பேரு போடலையா?"

"இல்ல."

"இது யாரு, இம்புட்டு எழுதியிருக்கா?"

"பொலிவியால ஒரு டீச்சர்."

"அவளுக்குச் சேறு எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியும்."

"பாஷாணம் உள்ள கெடக்குதுன்னு?"

"தெரியும்க்கா."

குமுதா தலையாட்டினாள். மேலே தள்ளினாள். உச்சியில் நிறுத்தி வைத்திருந்த பதிவில் தோண்டின படுகையின் படம் இருந்தது, தோரணத்தோடு.

"இது ஞாயித்துக்கிழமை எடுத்தது. என்னா எழுதியிருக்க, வாசி."

"அது ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா எரநூறு பேரு வந்திருக்கான். தமிழ்ல சொல்லு."

அவன் ஓடையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கெட்ட ஆளுங்க வந்து வேணும்னே அழிச்சிட்டாங்கன்னு எழுதியிருக்கேன்."

"யாரு அது?"

அவன் கரையில் கிடந்த சில்லியைக் காலால் தள்ளினான்.

"மாயாண்டி அண்ணனா? நானும்தான் ஒரு வண்டி தள்ளுனேன். நானா?"

"அக்கா, அன்னிக்குக் கூட்டத்துல சொன்னேன். சிரிச்சீங்க."

"சிரிச்சோம்," என்றாள் குமுதா. "ஒரு நா சிரிச்சோம். தொண்டைய கனைச்சிட்டு மறுபடி சொல்ல வேண்டியதுதானே. நீ டெய்லி என் பாத்தி வழியாத்தான் போற. நான் ஒனக்கு எளநி வெட்டித் தாரேன், மொளகாய் தாரேன், நீ என்னைய படம் புடிச்சிக்கிட்டுப் போற. 'இத கிண்டாதீங்க, செத்துருவீங்க'ன்னு ஒரே வார்த்தை. அதுக்கு என்னா இங்கிலீஷ் வேணும்?"

கைப்பேசியை அவன் சட்டைப் பையில் அவளே வைத்தாள். கொட்டகைக்குப் போய் அரிசிச் சாக்குகளைக் கட்டாய்த் தூக்கி வந்தாள். பாத்தி ஓரத்தில் குந்திக் கீரையை வேரோடு பிடுங்க ஆரம்பித்தாள். தர்மேந்திரன் தன் லோரியிலிருந்து கையுறை கொண்டுவந்து நீட்டினான். வாங்கிப் போட்டுக்கொண்டாள், அவனைப் பார்க்கவில்லை. அவன் மண்வெட்டி எடுத்துச் சேற்றை வழித்தான். பொழுது சாய்கிற வரைக்கும் இருவரும் அள்ளிக் கட்டினார்கள். மேல்மண்ணோடு சேர்ந்து பன்னிரண்டு வண்டி சேறு நாற்பத்தேழு சாக்கானது.

கடைசிச் சாக்கின் வாயைக் கட்டிவிட்டுக் குமுதா நிமிர்ந்தாள்.

"இத எங்க கொட்டுறது?"

"தெரியலக்கா."

"அதையும் அங்கயே கேளு. ஒனக்குத்தான் நாலாயிரம் பேரு இருக்கான்."

கேட்டான். சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று, முதலில் விஷமிகள் பதிவை அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினான். எங்கள் ஊர்க்காரர்கள் திருவிழாவுக்காகச் சுத்தம் செய்தார்கள், நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை, நாற்பத்தேழு சாக்கு இருக்கிறது, எங்கே கொட்டுவது. வருத்தம் தெரிவிக்க இந்தத் தடவை இருநூறு பேர் வரவில்லை. பதினோரு பதில் வந்தது. பதிவு செய்த அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்புங்கள் என்றது ஒன்று. மழை படாமல் மூடி வையுங்கள் என்றது இன்னொன்று. கேரத், உரையின் காணொளியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கிறோம் என்று எழுதியிருந்தார், மரியாதையாகத்தான். யோலாந்தா, உள்ளூர் விவசாயியின் பெயர் என்ன என்று கேட்டிருந்தாள்.

கீழே இறங்கி வந்து ஒவ்வொரு பதிலையும் தமிழில் சொன்னான். திக்கித் திக்கித்தான் சொன்னான். குமுதா சாக்கின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஆக, எங்கயும் கொட்ட முடியாது."

"இப்போதைக்கு முடியாதுக்கா. அலுவலகத்துல கேக்கணும்."

"ஹாபிஸ்கிட்ட நீயே போய்ச் சொல்லு. மாயாண்டி அண்ணன்கிட்டயும் சொல்லு, அந்தக் காவிப்பட்டையை யாரும் தொடாம பாத்துக்கச் சொல்லு. வெள்ளிக்கிழமை புள்ளைங்க எல்லாம் அந்தச் சுவத்துலதான் சாஞ்சு ஒக்காரும்."

"சொல்றேன்."

"இப்பவே போ. அவரு சிரிப்பாரு. சிரிச்சா நின்னு திரும்பச் சொல்லு."

அவன் கோயிலை நோக்கி நடந்தான். விளக்கு வரிசை கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஏணி மேல் நின்றபடி மாயாண்டி, என்னா தர்மா, லோரி காலியா இருக்கா, நாற்காலி ஏத்தணும் என்றார். தர்மேந்திரன் ஏணியின் அடியில் நின்று தொண்டையைக் கனைத்தான். பின்னால், பாத்தி ஓரத்தில், குமுதா ஆட்டுக்கொட்டகையின் கித்தான் துணியை அவிழ்த்துச் சாக்குகளின் மேல் இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. நாற்பத்தேழு சாக்குக்கு அந்தத் துணி பாதிதான் எட்டியது.